கொத்தாத சேவல்

வன்னியின் முள்ளியவளையில் அம்மம்மாவின் வளவில் ஒரு சேவல்தான் நிற்கும். பேடுகள் எட்டு, பத்து, சில வருடம் பன்னிரண்டு என்று ஏறி இறங்கும். சேவல் மட்டும் எப்போதும் ஒன்று. அடுத்த சேவற்குஞ்சு ஒன்று வாலில் கறுப்பு மினுங்கி, உடைந்த குரலில் கூவிப் பழகத் தொடங்கியதும் அம்மம்மா அதைக் கண் வைத்துப் பார்ப்பா. பிள்ளைகள் பக்கத்தால் ஓடும்போது அது என்ன செய்கிறது? தண்ணீர்ச் சட்டி வைக்கக் குனிந்தால் விலகிப் போகிறதா, கழுத்து மயிரை விரித்துக்கொண்டு எதிரே நிற்கிறதா? விரித்த சேவல் அடுத்த அரிவி வெட்டைக் காணாது.

படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு ஊரின் பழைய பெண்களிடம் இதைப்பற்றிக் கேட்டு எழுதி வைத்து வருகிறேன். கேட்டதில் எனக்கு உறுதியாகப் பட்டது இது: வன்னி வளவுகளின் நல்ல சேவலை உண்டாக்கியது கறிச்சட்டிதான். எது சட்டிக்குப் போகும், எது வளவில் நிற்கும் என்று தீர்த்தவர்கள் பெண்கள். கமமும் மாடும் துவக்கும் ஆண்களின் பொறுப்பு. கோழியும் முட்டைக்காசும் பெண்களுடையவை. கொப்பி, பென்சில், மகளின் தோட்டுக்குச் சுரை என்று அந்தக் காசு போன வழிகளை இன்றும் ஆட்கள் சொல்லுகிறார்கள். வன்னியின் பழைய நிலவரம் அறிய வேண்டுமென்றால் எல்லோரும் ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூலைத்தான் புரட்டுவார்கள். குளத்துக்கும் காணிக்கும் அது சரி. கோழியின் வரலாற்றுக்கு அடுப்படிக்குத்தான் போகவேண்டும்.

கோழி மனிதனிடம் வந்த கதையே நெல்லோடு சேர்ந்த கதை. 2022இல் வெளியான ஆய்வொன்று, வீட்டுக்கோழியின் ஆகப் பழைய எலும்புகள் நடுத் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்றும், அவை கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை என்றும் கணித்தது. நெல்லும் தினையும் விதைத்த இடங்களுக்குச் வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி தானியம் பொறுக்க வந்து, வந்த இடத்திலேயே தங்கிவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதை விளங்கிக்கொள்ள வன்னியாட்களுக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. மாடு கட்டிச் சூடு மிதித்த காலத்தில், விடியப்புறம் களத்து ஓரத்துக்குக் காட்டுக்கோழி இறங்கி வந்து சப்பியைக் கிளறும். ஆள் அசைந்தால் பற்றைக்குள் மறையும். நாளைக்கும் வரும்.

எங்கள் காட்டுக்கோழி வேறு இனம். இலங்கையில் மட்டும் உள்ளது, நாட்டின் தேசியப் பறவை. செம்மஞ்சள் உடம்பு, ஊதா கலந்த கறுப்புச் சிறகும் வாலும், சிவப்புக் கொண்டையின் நடுவில் ஒரு மஞ்சள் திட்டு. 1831இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்த பிரெஞ்சுக்காரர் லெசோன், இலங்கையைக் கண்ணாலும் காணாத தங்கள் தளபதி லஃபாயெத்தின் பெயரை அதன் தலையில் கட்டிவிட்டார். காட்டில் திரிகிற பறவைக்கு இது தெரியாமல் இருப்பது நல்லது.

இந்தக் காட்டுச்சேவல் சில வேளை வேலிக்கரைக்கு வந்து ஊர்ப்பேட்டை மிதித்துவிட்டுப் போகும். அப்படிப் பொரித்த குஞ்சுகளைப் பார்வையிலேயே தெரியும் என்பா அம்மம்மா. தாயோடு கூட்டுக்குள் வராமல் மரத்தில் ஏறும், ஆள் நிழல் கண்டால் பறக்கும். அழகு என்றால் அப்படியொரு அழகு. ஆனாலும் அவ அதை அடைக்கு விடமாட்டா. "அது காட்டுக்குப் பிறந்தது பிள்ளை, வளவுக்கு ஆகாது" என்பதோடு கதை முடியும். வீட்டுக்கோழியின் இரத்தத்தில் பெரும்பங்கு செங்காட்டுக்கோழியுடையது, மற்றக் காட்டுக்கோழி இனங்களின் கலப்பும் இடையிடையே நடந்திருக்கிறது என்று மரபணு ஆராய்ந்தவர்கள் 2020இல் எழுதினார்கள். அந்தக் கலப்பில் எது நின்றது, எது போனது என்பதில் எத்தனையோ அம்மம்மாக்களின் கை இருந்திருக்கும்.

சரி, நல்ல சேவல் என்றால் என்ன? ஊர்ப் பெண்களிடம் கேட்டால் முதலில் சொல்வது இரை கூப்பிடுவதை. கரையான் புற்று மண்ணைக் கொத்திப் போட்டால் நல்ல சேவல் தான் தின்னாது. ஒரு கரையானைத் தூக்குவதும் போடுவதுமாக, தாழ்ந்த குரலில் குக்குக் என்று பேடுகளைக் கூப்பிட்டு, அவை தின்னும்வரை பக்கத்தில் நிற்கும். தானே விழுங்குகிற சேவலை 'பெருந்தீனி' என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டாவது, பிராந்துக்குக் குரல் கொடுப்பது. மேலே நிழல் ஓடினால் ஒரு குரல், நிலத்தில் கீரியோ நாயோ வந்தால் வேறு குரல். முதற் குரலுக்குக் குஞ்சுகள் பற்றைக்குள் ஓடும், இரண்டாவதற்குத் தலை நிமிர்த்தி நிற்கும். 1993இல் வெளியான ஓர் ஆய்வில், கூட்டுக்கு மேலே தொலைக்காட்சித் திரை வைத்துப் பருந்தின் உருவை ஓடவிட்டு, இந்த இரண்டு குரலும் வெவ்வேறு செய்திகள்தான் என்று நிறுவினார்கள். கூட்டுக்கு அருகே இருந்து வெண்காயம் உரிக்கும் எவருக்கும் அந்தப் பாடம் தெரியும்.

மூன்றாவது கூவல். மணிக்கூடு இல்லாத வீடுகளில் சாமக்கோழிதான் நேரம். வண்டில் கட்டிப் புறப்படுகிறவர்கள் முதற் கூவலுக்கு எழும்பி, இரண்டாம் கூவலுக்கு மாடு பூட்டுவார்கள் என்று அப்பப்பா சொல்லுவார். யப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தில் யோஷிமுராவின் குழு இதை இரண்டு முறை ஆராய்ந்தது. எந்நேரமும் மங்கிய வெளிச்சத்திலேயே வைத்திருந்தாலும் சேவல் தன் உடம்பின் கடிகாரப்படி விடியலுக்கு முன் கூவும் என்று 2013இல் சொன்னார்கள். 2015இல் சொன்னது இன்னும் சுவையானது. பல சேவல்கள் ஓரிடத்தில் இருந்தால் தலைமையானது முதலில் கூவும், மற்றவை தத்தம் இடப்படி பின்னே கூவும். தலைமையானதை எடுத்துவிட்டால் இரண்டாவது முதலாவதாகிவிடும். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்றொரு வரிசை இருப்பதை நோர்வேக்காரர் ஷெல்டருப்-எபெ 1921இல் எழுதியிருந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் குறித்து வைத்தவராம். அப்படி ஒரு பிள்ளை என் வகுப்பில் வாய்த்ததில்லை.

இத்தனை இருந்தாலும் ஆளைக் கொத்தினால் எல்லாம் தள்ளுபடி. "பிள்ளையைக் கொத்தின சாவலுக்கு ரெண்டாந்தரம் குடுக்கப்படாது. கொத்தினதின்ர குஞ்சும் கொத்தும்" என்பா அம்மம்மா. கோபக்குணம் பரம்பரையாக இறங்கும் என்பது இன்று கோழி வளர்ப்புப் பாடத்தில் இருக்கிறது. அவவுக்கு அது கண்ணால் கண்ட வழக்கம். முதற்தரம் கொத்தினால் பழைய சீலைக் கிழிசலால் காலைக் கட்டிக் கதியாலில் ஓர் இரவு நிற்க விடுவா. திருந்தினால் உண்டு, இல்லாவிட்டால் சரக்குக்கறி. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சரக்கு அரைத்துக் காய்ச்சுகிற கறிக்கு ஊர்க்கோழி எப்போதும் தேவைப்பட்டது. எங்காவது ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துகொண்டே இருந்தது.

இதே யோசனை இரண்டாயிரம் வருடத்துக்கு முன் உரோமாபுரியில் கமம் பற்றி எழுதிய கொலுமெல்லாவிடமும் இருந்தது. சேவலைச் சண்டைக்குப் பழக்குவது கிரேக்கரின் வேலை, குடும்பக்காரனுக்கு அது பணத்தை அழிக்கும் வழி என்று அவர் எழுதினார். ஆனால் கோழைச் சேவலும் வேண்டாம் என்றார். பேடுகளைக் காக்கவேண்டும், படமெடுக்கும் பாம்பையும் எதிர்த்துக் கொல்லத் துணிய வேண்டும் என்பது அவரது அளவு. ஐந்து பேட்டுக்கு ஒரு சேவல் என்று கணக்கும் கொடுத்தார். மற்றச் சேவல்களை விரட்டித் திரிகிற முரட்டுச் சேவலுக்கு அவர் சொன்ன மருந்து, பழைய தோற்குடுவையில் வட்டமாக வெட்டிய துண்டில் ஓட்டை போட்டு அதன் காலில் மாட்டிவிடுவது. சீலைக் கிழிசலும் தோற்குடுவையும் ஒரே பள்ளிக்கூடம்.

ஒரு விடயத்தில் அவரும் எங்கள் ஆட்களும் சேர்ந்தே பிழைவிட்டார்கள். நீட்டு முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பேடாகும் என்று அடை வைக்கும்போது பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். கொலுமெல்லாவும் அதையே எழுதினார். அவருக்கு முன் அரிஸ்டாட்டில் நேர் எதிராக, நீட்டு முட்டைதான் பேடு என்றார். முட்டையின் வடிவத்துக்கும் குஞ்சின் பாலுக்கும் தொடர்பில்லை. கோழியில் அதைத் தீர்மானிப்பது தாயின் நிறமூர்த்தம். இவ்வளவு தெரிந்தும் என் தங்கச்சி இன்றுவரை உருண்டை முட்டைகளைத்தான் பொறுக்கி வைக்கிறாள்.

சண்டைச்சேவலின் வழி வேறு. தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் மாண்ட சேவலுக்கு ஒரு நடுகல் இருக்கிறது. கல்லில் சேவலின் உருவமும் பழைய எழுத்தும். இந்தளூரில் உள்ள இன்னொரு கல் சேவலின் பெயரையே பொற்கொற்றி என்று சொல்கிறது. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு வருடப் பழமை. எங்கள் ஊரில் எந்தச் சேவலுக்கும் கல் நட்டதில்லை. ஆனால் சண்டைச்சேவல் வளர்ப்பவர்களும் ஆளைப் பாய்கிறதை வைத்திருப்பதில்லை. நாள் முழுக்கக் கையில் தூக்கித் தடவுகிற பறவை அது, எதிர்ச்சேவலில் காட்டுகிற கோபத்தை வளர்ப்பவனில் காட்டக்கூடாது. வழி வேறானாலும் கழித்துவிடுகிற கணக்கு ஒன்று.

சட்டிக்குப் போகாத சேவல்களும் உண்டு. முருகன் கோயிலுக்கு நேர்ந்து விட்டதை வெட்டக்கூடாது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆடிமாதக் கந்தபுராணப் படிப்பைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்தச் சேவலின் பூர்வீகம் தெரியும். சூரபன்மன் இரு கூறாகி ஒன்று மயிலும் மற்றது சேவலுமாய்ப் பாய்ந்து வந்தபோது, முருகன் அருளோடு பார்த்த ஒரு பார்வையில் சேவல் கொடியில் அடங்கி நின்றது. கொத்துகிற சேவலைக் கொல்லாமல் திருத்திய ஒரே சம்பவம் எனக்குத் தெரிந்து இதுதான். எங்களிடம் அந்தப் பார்வை இல்லை, சட்டிதான் இருந்தது. ஆனால் ஆட்கள் கெட்டித்தனம் பண்ணினார்கள். வீட்டில் வைத்திருக்க முடியாத முரட்டுச் சேவலை நேர்த்திச் சேவல் என்று கோயிலில் கொண்டுபோய் விட்டார்கள். அதனால் ஊரிலேயே பொல்லாத சேவல்கள் கோயில் வீதியில் சேர்ந்தன. பூப்பறிக்கப் போன சிறுமிகளான எங்களுக்கு ஐயரைவிட அவற்றுக்குத்தான் பயம்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கல் இன்னொரு தவணை. பொங்கலுக்கு ஆயத்தமான பாக்குத்தெண்டல் தொடங்கினால் வீட்டில் மச்சம் காய்ச்சுவதில்லை. அந்த நாட்களில் தீர்ப்புக்குக் காத்திருந்த சேவல்களுக்கு உயிர் நீளும். திருந்திக்கொண்டதும் உண்டு என்று சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

இரணைமடுவை நம்பி 1930களில் கிளிநொச்சியிலும், பிறகு வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் குடியேற்றங்கள் வந்தபோது யாழ்ப்பாணத்தாட்கள் தங்கள் கோழிகளோடு வந்தார்கள். அதன் பிறகு லெகோன் வந்தது. வெள்ளை நிறம், முட்டை நிறைய, ஆனால் அடை கிடக்காது. ஊர்ப்பேட்டுக்கு லெகோன் சேவலை விட்டால் பிறக்கிற பேடுகளும் அடை கிடக்கத் தயங்கின. அம்மம்மா இரண்டு போகம் பார்த்துவிட்டு லெகோன் சேவலை யாருக்கோ கொடுத்துவிட்டா. முட்டைக்காசு கூடினாலும் குஞ்சு பொரிக்காத கோழி அடுத்த வருடம் ஊரைக் கடனாளியாக்கும் என்பது அவவின் கணக்கு.

அந்தக் கணக்கு 1990களில் சரியாய் வந்தது. போரின் பொருளாதாரத் தடைக்காலத்தில் தீன் பை ஏது, மருந்து ஏது? வாங்கின தீனில் வளர்ந்த கோழிகள் முதலில் போயின. குறுணலும் தவிடும் கரையானும் தின்று தானே தேடிய ஊர்க்கோழி நின்றது. 1995 ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து, அடுத்த மாதங்களில் கிளாலிக் கடல் தாண்டி ஆட்கள் வன்னிக்கு வந்தார்கள். எங்கள் வளவிலேயே நாலு குடும்பம் கொட்டில் போட்டது. பிள்ளைகள் எண்ணிக்கையில்லாமல் ஓடித் திரிந்தார்கள். அறியாத முகம் கண்டால் பாயும் சேவலுக்கு அந்த வருடங்களில் இடமே இருக்கவில்லை. வன்னிச் சேவலின் குணம் ஆகக் கடுமையாகச் சலிக்கப்பட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். கிபிர் போர்விமானம் வரும்போது சில சேவல்கள் பிராந்துக்குக் கொடுக்கும் அதே குரலைக் கொடுத்தன. பிள்ளைகள் அதைக் கேட்டுப் பங்கருக்கு ஓடப் பழகினார்கள்.

போர் நெருங்கி 2008 கடைசியில் புறப்பட்டபோது கூட்டைத் திறந்து விட்டுத்தான் போனோம். சிலர் உழவுயந்திரப் பெட்டியில் கோழிகளைக் கால் கட்டிப் போட்டுக்கொண்டு போனார்கள். அவை புதுக்குடியிருப்புக்கு அப்பால் போய்ச் சேர்ந்ததாக நான் கேள்விப்படவில்லை. போர் முடிந்த 2009 வைகாசிக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பேர் கூடாரங்களில் இருந்தோம். முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 புரட்டாதியில். ஊருக்குத் திரும்பியபோது வளவுகள் பற்றைக்காடு. கோழியென்று ஒன்றும் மிஞ்சவில்லை. கீரியும் மரநாயும் உடும்பும் நரியும் விட்டதைப் பட்டினி முடித்திருந்தது.

வீட்டுத்திட்டத்தோடு வாழ்வாதார உதவியும் வந்தது. கணவனை இழந்த பெண்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுப்பதுதான் எல்லா நிறுவனத்துக்கும் முதல் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் கொடுத்தவை பொரிப்பொறியில் பொரித்த, தாய் காணாத குஞ்சுகள். பேடுகள் அடை கிடக்கவில்லை. சேவல் என்று வந்ததோ தாயும் மூத்த சேவலும் இல்லாமல், மனிதக் கையில் தீன் தின்று வளர்ந்தது. அப்படி வளரும் சேவலுக்கு மனிதரில் பயமில்லை. ஆறு மாதமாகி இரத்தம் சூடேறும்போது அது மனிதரையும் இன்னொரு சேவலாகத்தான் எடுக்கும். குஞ்சில் மடியில் வைத்துக் கொஞ்சியது பெரிதாகி முழங்காலில் பாய்ந்தால் ஆட்கள் "நன்றிகெட்ட சாவல்" என்று பேசினார்கள். அது செய்தது நன்றிகேடில்லை, வளர்ந்த விதம். காலால் உதைத்தவர்கள் இன்னும் கெடுத்தார்கள். உதை என்பது சேவலுக்குச் சண்டைக்கு அழைப்பு. நின்ற இடத்தை விட்டுக்கொடுக்காமல் அதன் பக்கமாகவே நடந்து போகவேண்டும். மிஞ்சினால் பிடித்து, கமக்கட்டுக்குள் இறுக்கி, துடிப்பு அடங்கும்வரை வைத்திருந்து, மற்றப் பேடுகளுக்கு முன்னால் இறக்கி விடவேண்டும். இதற்கும் அடங்காததைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

போர் எங்களிடம் இருந்து எடுத்ததைக் கணக்கெடுக்கிறவர்கள் மாடு, உழவுயந்திரம், துவிச்சக்கரவண்டி வரை எழுதினார்கள். சலித்துச் சலித்து எடுத்த சேவற் பரம்பரையை எந்தப் படிவத்திலும் எழுத இடமிருக்கவில்லை. நாங்கள் அதை மறுபடி தொடங்கியது இரவலில். வவுனியாவுக்குத் தெற்கே ஊர்விட்டு ஓடாத சொந்தக்காரரிடம் இருந்து பெரியம்மாவின் மகன் ஒரு சேவலைக் கொண்டுவந்தான். சிவலை நிறம், கழுத்தில் பொன், நடையில் அவசரமில்லை. அது ஒரு வளவில் நாலு நாள், அடுத்த வளவில் நாலு நாள் என்று தெரு முழுக்கச் சுற்றியது. சேவலைப் பிரித்த பிறகும் பேடு இரண்டு கிழமை அளவுக்குக் கருமுட்டை இடும் என்பதால் அவ்வளவு காணும். கூலி, பொரித்த குஞ்சில் ஒரு பேடு. அடை கிடக்கிற பழைய பேடுகளுக்கும் இப்படித்தான் ஊர் ஊராய் அலைந்தோம். இன்று எங்கள் தெருவில் அந்தச் சிவலையின் சாயல் இல்லாத கூடு குறைவு.

இப்போது ஆபத்து வேறு பக்கத்தால் வருகிறது. ஊர்க்கோழிக்கு நல்ல விலை என்று வியாபாரிகள் மோட்டார்சைக்கிளில் வந்து, நிறை பார்த்து, ஆகப் பெரிய சேவலை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நல்லது போய், நிறையில்லாததும் கொத்துகிறதும் வளவில் மிஞ்சுகிறது. பழைய சலிப்பு அப்படியே தலைகீழாக நடக்கிறது. காசு தேவைப்படுகிற வீட்டைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் இதை வாசிக்கிறவர்களில் யாருடைய வளவிலாவது பிள்ளைகளுக்கு விலகி நடந்து, கரையானைத் தின்னாமல் பேட்டைக் கூப்பிடுகிற சேவல் நின்றால், அதை மூன்று வருடமாவது விற்காமல் வைத்திருங்கள். அதன் குஞ்சுகளில் சேவலைத் தாயோடு வளரவிடுங்கள், மடியில் தூக்காதீர்கள். இராணிக்கெட் நோய்த் தடுப்பு மருந்துக்குக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். புதிதாய்க் குடிவந்த வீட்டுக்காரர் கோழி கேட்டால் பேட்டுக்குஞ்சோடு ஒரு சேவற்குஞ்சையும் சேர்த்துக் கொடுங்கள். காசு வாங்க வேண்டாம், பொரிக்கும்போது ஒன்று திரும்பி வரும்.